பாலத்தின் மேல்தளம் நகரட்டுமா, தூண் வளையட்டுமா? நிலநடுக்கத் தனிமைப்படுத்தலில் உள்ள தேர்வுகள்

பெரும்பாலான பாலங்களில் எடையின் பெரும்பகுதி மேலே, போக்குவரத்து ஓடும் தளத்திலும் அதைத் தாங்கும் உத்தரங்களிலும் இருக்கிறது. நிலம் பக்கவாட்டில் உலுக்கும்போது அந்த எடை தன் இடத்திலேயே நிற்க முயல்கிறது. அதை இழுத்துக்கொண்டு போக வேண்டிய சுமை முழுவதும் தூண்களின் அடிப்பகுதியில் வந்து விழுகிறது. 1995இல் ஜப்பானின் கோபே நகரில் ஹான்ஷின் உயர்மட்ட விரைவுச்சாலை 635 மீட்டர் நீளத்துக்கு அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்ததற்கு, இந்தச் சுமையைத் தூண்களால் தாங்க முடியாமற்போனதே காரணம். 1971இல் கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் வேறொரு குறை வெளிப்பட்டது. அங்கே தளங்கள் தாம் அமர்ந்திருந்த குறுகிய விளிம்பிலிருந்து நழுவிக் கீழே விழுந்தன. கட்டடத்தில் ஒரு தூண் பழுதானால் சுமை பக்கத்துத் தூண்களுக்குப் பகிரப்பட ஓரளவேனும் வழி உண்டு. பாலத்துக்கு அந்த வசதி மிகக் குறைவு. ஒரு தூண் போனால் பாதையே துண்டிக்கப்படும். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அவை ஆற்றின் மறுகரையில் நின்றுவிடும். ஆகவே, பாலம் இடிந்து விழாமல் நின்றால் போதுமா, அன்று மாலையே வண்டிகள் அதன்மேல் ஓட வேண்டுமா என்பதை வடிவமைப்பின் முதல் நாளிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு விடையாக வடிவமைப்பாளர்முன் பல வழிகள் உள்ளன. தூண்களை முறியாமல் வளையும்படி கட்டி, சேதத்தை அவற்றில் ஏற்றுக்கொள்வது பழைய வழி. தூணுக்கும் தளத்துக்கும் நடுவே பக்கவாட்டில் இளகிக் கொடுக்கும் தாங்கிகளை வைத்துத் தளத்தை நிலத்தின் ஆட்டத்திலிருந்து பிரித்துவிடுவது இன்னொரு வழி. இதைத்தான் நிலநடுக்கத் தனிமைப்படுத்தல் என்கிறோம். அதற்குள்ளும் ஈயக்கரு ரப்பர் தாங்கி, உயர்தணிப்பு ரப்பர் தாங்கி, உராய்வு ஊசல் தாங்கி எனப் பிரிவுகள் உண்டு. இவை தவிர, பாகுநிலைத் தணிப்பான்களை (தடித்த திரவத்தின் எதிர்ப்பால் ஆட்டத்தை அடக்கும் உருளைகளை) சேர்ப்பதும், தூணையே அடித்தளத்தின்மேல் ஆடவிடுவதும் தனி வழிகள். எந்தத் தாங்கி சிறந்தது என்ற கேள்வியோடு பேச்சைத் தொடங்குவது தவறான வரிசை என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பாலத்தைத் தனிமைப்படுத்தலாமா என்பது முதலில் தீர வேண்டும். எதைக் கொண்டு என்பது அதற்கு அடுத்ததுதான்.

தனிமைப்படுத்தல் செய்வதை ஒரு பண்டமாற்று என்று புரிந்துகொள்ளலாம்: விசையைக் குறைத்து, அதற்கு விலையாக இடப்பெயர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறோம். எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். குட்டையான, விறைப்பான தூண்கள்மேல் நிற்கும் பாலம் ஒன்றின் இயல்பான அலைவுக் காலம், அதாவது ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி முடிக்க ஆகும் நேரம், 0.5 வினாடி என்று கொள்வோம். உறுதியான தரையில், அலைவுக் காலம் 1 வினாடி ஆகும்போது முடுக்கம் 0.5g (g என்பது புவியீர்ப்பு முடுக்கம்) என்று அந்த இடத்துக்கான வடிவமைப்பு வளைகோடு சொல்கிறது எனவும், இந்த வரம்பில் முடுக்கம் அலைவுக் காலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது எனவும் வைத்துக்கொள்வோம். அப்போது 0.5 வினாடிப் பாலத்தின்மேல் 1.0g, அதாவது அதன் முழு எடைக்குச் சமமான பக்கவாட்டு விசை வருகிறது. அதே பாலத்தை இளகிய தாங்கிகளின்மேல் அமர்த்தி அலைவுக் காலத்தை 2.5 வினாடிக்குக் கொண்டுபோனால் விசை 0.2g ஆகக் குறையும். ஆனால் தளம் தூணைச் சார்ந்து ஏறத்தாழ 31 செ.மீ. நகரும். தாங்கி வெறுமனே இளகாமல் ஆற்றலையும் விழுங்குமானால், அதாவது தணிப்பு (ஆட்டத்தை அடக்கும் திறன்) வழக்கமான 5 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காட்டுக்கு உயருமானால், நகர்வு 19 செ.மீ. அளவுக்கும் விசை 0.12g அளவுக்கும் இறங்கும். ஒன்றுக்கு எட்டில் ஒரு பங்கு விசை. அதற்கு ஈடாக 19 செ.மீ. இடம். தனிமைப்படுத்தலின் கணக்கு முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

இதே பாலத்தைப் பழைய வழியில் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தூணின் அடியில் நெருக்கமான வளையக் கம்பிகளைக் கொடுத்து, அந்த இடம் கம்பி இளகி மூட்டுபோல வளையும்படி செய்தால், 1.0g விசையை மூன்றால் வகுத்து 0.33g அளவுக்கே தூணை வடிவமைக்க நெறிமுறைகள் இடம் தருகின்றன. இதற்குச் சிறப்புத் தாங்கி வேண்டியதில்லை, தளத்தின் முனையில் நகர்வுக்கு இடம்தரும் பெரிய விரிவு இணைப்பு வேண்டியதில்லை, எல்லாக் கட்டுமானக் குழுக்களுக்கும் பழகிய வேலை. நிலநடுக்கம் அரிதாகவே வரும் பகுதியில், மாற்றுப்பாதை உள்ள சிறு பாலத்துக்கு இது இன்றும் நியாயமான தேர்வுதான். ஆனால் அந்த மூன்றால் வகுத்தல் இலவசமாகக் கிடைப்பதன்று. கம்பி இளகுவதும் மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்வதும் தூண் ஓரளவு சாய்ந்தே நின்றுவிடுவதும் அந்தக் கணக்கின் உள்ளேயே உள்ளவை. கோபேயில் இடிந்து விழாமல் நின்ற தூண்களிலும் ஏறத்தாழ நூறு, நிலையான சாய்வு மிகுந்துவிட்டதால் பின்னர் இடித்துக் கட்டப்பட்டன. தனிமைப்படுத்திய பாலத்திலோ, தூண் கிட்டத்தட்டச் சேதமே இல்லாமல் நிற்க வேண்டும் என்று கருதி, வகுக்கும் எண்ணை 1.5க்கு மேல் போகவிடாமல் ஐரோப்பிய நெறிமுறை கட்டுப்படுத்துகிறது. அப்படியும் நம் எடுத்துக்காட்டில் தூணுக்கு வரும் விசை பழைய வழியைவிடக் குறைவாகவே இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இந்தப் பண்டமாற்று எல்லா இடத்திலும் இலாபமாக முடிவதில்லை. முதல் தடை மண். ஆழமான மென்களிமண் படுகை, பாறையில் வரும் கலவையான அதிர்விலிருந்து நீண்ட அலைவுகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கித் தரும். 1985இல் மெக்சிகோ நகரில் பழைய ஏரிப்படுகையின் மண் ஏறத்தாழ 2 வினாடி அலைவுக் காலத்தில் ஆடியது; 0.5 வினாடிப் பாலத்தை அங்கே 2 வினாடிக்குக் கொண்டுபோவது, பாதுகாப்பாக இருந்ததைத் தீயில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு ஒப்பாகும். இரண்டாவது தடை தூணின் உயரம். பள்ளத்தாக்கைக் கடக்கும் உயரமான தூண்கள் தாமாகவே இளகியவை. அலைவுக் காலம் ஏற்கெனவே 2 வினாடியைத் தொட்டுவிட்ட பாலத்தில், மேலும் இளக்கும் தாங்கியால் விசை சிறிதளவே குறையும், நகர்வு மட்டும் கூடும். ஒரே பாலத்தில் குட்டைத் தூணும் நெட்டைத் தூணும் கலந்திருந்தால் நிலைமை வேறு. குட்டைத் தூண் விறைப்பாக இருப்பதால் விசையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு முதலில் உடையும். தாங்கிகளின் விறைப்பைத் தூணுக்குத் தூண் மாற்றி அமைத்து அந்தச் சுமையைச் சமமாகப் பகிர முடியும். தனிமைப்படுத்தலின் இந்தப் பயனைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மூன்றாவது தடைதான் மிகக் கடுமையானது: நிலப்பிளவு, அதாவது நிலநடுக்கத்தில் நிலம் இருபுறமும் விலகி நகரும் பிளவு, அருகில் இருப்பது. துருக்கியின் போலு மேம்பாலம் ஏறத்தாழ 2.3 கி.மீ. நீளமுள்ளது, வழுக்கும் தாங்கிகளும் இளகி ஆற்றலை விழுங்கும் எஃகு உறுப்புகளும் கொண்டு தனிமைப்படுத்தப்பட்டது. கட்டுமானம் முடியும் தறுவாயில், 1999 நவம்பர் 12 அன்று டுஸ்ஜே நிலநடுக்கம் வந்தபோது பிளவு பாலத்தின் குறுக்கேயே ஓடியது. பிளவுக்கு அருகில் நிலம் பல முறை ஆடுவதைவிட, ஒரே திசையில் நீண்ட ஒரு தள்ளாகத் தள்ளும். தாங்கிகளின் நகர்வு வரம்பு அந்தத் தள்ளுக்குப் போதவில்லை. தாங்கிகள் தம் வரம்பைத் தாண்டி வெளியேறின, தளம் தூண்களின்மேல் இடம்பெயர்ந்து நின்றது, ஆனால் விழவில்லை. பின்னர் அதே பாலம் நகர்வு வரம்பு கூடிய உராய்வு ஊசல் தாங்கிகளைக் கொண்டு சீரமைக்கப்பட்டது. ஆகவே, பிளவுக்கு அருகில் தனிமைப்படுத்தலைக் கைவிட வேண்டும் என்பது இதன் பாடமாகாது. நகர்வின் அளவைச் சிக்கனமாகக் கணக்கிட்டால் அங்கே மன்னிப்புக் கிடையாது என்பதைத்தான் போலு காட்டுகிறது.

இனி தாங்கிகளுக்கு வருவோம். ஈயக்கரு ரப்பர் தாங்கி நியூசிலாந்தில் 1970களில் பில் ராபின்சன் உருவாக்கியது. ரப்பர் தகடுகளும் எஃகுத் தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, வெப்பத்தில் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் துளையிட்டு ஓர் ஈய உருளையை இறுக்கிச் செருகியிருப்பார்கள். எஃகுத் தகடுகள் ரப்பரைப் பிதுங்கவிடாமல் பிடித்துக்கொள்வதால் செங்குத்தில் தாங்கி கல்லைப்போல் இருக்கும். பக்கவாட்டில் மட்டும் இளகும். ஈயத்தின் வேலை இரண்டு. வண்டி பிரேக் பிடிக்கும்போதும் காற்று அடிக்கும்போதும் அது இளகாமல் தளத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது; நிலநடுக்கத்தில் இளகி, முன்னும் பின்னும் பிசையப்பட்டு, ஆற்றலை வெப்பமாக்குகிறது. ஈயம் அறை வெப்பநிலையிலேயே தன் படிக அமைப்பை மீட்டுக்கொள்வதால், ஒரு பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகும் வலுவிழந்து போவதில்லை. எஃகை இப்படிப் பிசைந்தால் சில நூறு சுற்றுகளில் களைத்து முறிந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் ஒரு தாங்கி 2,000 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 டன் சுமக்கிறது என்றால், அந்தச் சுமையில் 5 விழுக்காட்டுக்கு ஈடான பிடிப்பைத் தர 11 செ.மீ. விட்டமுள்ள ஈய உருளை ஒன்று போதும். கை விரித்தால் பிடித்துவிடக்கூடிய அந்த உருளைதான் பாலத்தின் தற்காப்பில் பெரும்பகுதி.

இதன் வரலாறும் நம்பிக்கை தருவது. ஐஸ்லாந்தில் தியோர்ஸா ஆற்றுப்பாலம் ஈயக்கரு தாங்கிகளால் வலுவூட்டப்பட்டிருந்தது. 2000 ஜூனில் அருகிலேயே ஏற்பட்ட வலுவான நிலநடுக்கங்களைக் குறிப்பிடத்தக்க சேதமின்றித் தாண்டியது. ஆனால் ரப்பருக்கு எல்லை உண்டு. 2011இல் ஜப்பானின் கிழக்குக் கரையைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தில் செண்டாய்-தோபு மேம்பாலத்தின் சில ரப்பர் தாங்கிகள் கிழிந்தன; 2016 குமாமோட்டோ நிலநடுக்கத்தில் ஓகிரிஹாதா என்ற வளைந்த பாலத்தில் ரப்பர் தாங்கிகள் அறுந்து தளம் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. ரப்பரின் உயரமும் அகலமும் சேர்ந்துதான் நகர்வின் வரம்பை முடிவுசெய்கின்றன. அரை மீட்டருக்கு மேல் நகர வேண்டுமானால் தாங்கி உயர்ந்து, பருத்து, கையாள்வதற்கே கடினமானதாகிவிடும். கடுங்குளிரில் ரப்பர் விறைப்பதால், கோடையில் செய்த கணக்கு குளிர்காலத்தில் பொருந்தாது. அந்த விறைப்பைத் தனியே கணக்கில் எடுத்துத் தூணைச் சரிபார்க்க வேண்டும். நெடுநேரம் நீடிக்கும் நிலநடுக்கத்தில் ஈயம் சூடேறித் தன் பிடிப்பில் ஒரு பகுதியை இழப்பதும் உண்டு.

உயர்தணிப்பு ரப்பர் தாங்கியில் ஈயம் இல்லை. ரப்பரிலேயே கரித்தூளும் பிறவும் கலந்து தணிப்பைக் கூட்டுகிறார்கள். சூழல் காரணமாக ஈயத்தைத் தவிர்க்க விரும்புவோருக்கு இது வசதி. ஆனால் முதல் முறை இழுபடும்போது விறைப்பாகவும் அடுத்தடுத்த முறைகளில் இளகியும் நடந்துகொள்வது இதன் இயல்பு. தணிப்பும் பொதுவாக ஈயக்கரு தாங்கியைவிடக் குறைவு. சாதாரணச் சாலைப் பாலத்துக்கு இரண்டில் ஒன்றைத் தேர வேண்டுமென்றால் நான் ஈயக்கருவையே தேர்வேன்.

உராய்வு ஊசல் தாங்கி 1980களின் நடுவில் அமெரிக்காவில் விக்டர் சயாஸ் உருவாக்கியது. கிண்ணம்போல் குழிந்த பளபளப்பான துருப்பிடிக்காத எஃகுப் பரப்பின்மேல், உராய்வைத் தாங்கும் பூச்சுள்ள ஒரு வழுக்கும் கட்டை உட்கார்ந்திருக்கும். நிலம் நகரும்போது கட்டை கிண்ணத்தின் சரிவில் ஏறுகிறது. பாலத்தின் எடையே அதைத் திரும்ப நடுவுக்கு இழுக்கிறது. இதன் அழகு என்னவென்றால், அலைவுக் காலம் பாலத்தின் எடையைச் சாராமல் கிண்ணத்தின் வளைவு ஆரத்தை மட்டுமே சார்ந்தது: 1 மீட்டர் ஆரத்துக்கு 2 வினாடி, 2.24 மீட்டருக்கு 3 வினாடி. தளத்தின் எடை இடத்துக்கு இடம் மாறுபட்டாலும், எடை எங்கே கூடுகிறதோ அங்கே உராய்வும் மீட்பு விசையும் அதே அளவில் கூடுவதால், தளம் முறுக்கிக்கொள்ளாமல் நகர்கிறது. வளைந்த பாலங்களிலும், ஒரு பக்கம் அகன்று விரியும் பாலங்களிலும் இது பெரிய நன்மை. 2.24 மீட்டர் ஆரக் கிண்ணத்தில் 19 செ.மீ. நகரும்போது தளம் 8 மி.மீ. அளவே உயர்கிறது என்பதால் சாலையின் மட்டம் கெடுவதில்லை. ஆரத்தைக் கூட்டாமலே கிண்ணத்தின் அகலத்தைக் கூட்டி நகர்வு வரம்பைப் பெருக்கலாம். கலிபோர்னியாவின் பெனிசியா-மார்டினெஸ் பாலத்தை வலுவூட்டியபோது, ஏறத்தாழ 4 மீட்டர் விட்டமும் 1.3 மீட்டர் நகர்வு வரம்பும் கொண்ட தாங்கிகள் பொருத்தப்பட்டன. ரப்பரால் எட்ட முடியாத இடம் அது.

குறைகளும் இல்லாமல் இல்லை. உராய்வு என்பது ஒரே எண்ணாக நிற்பதில்லை. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாறும், தூசி புகுந்தாலும் மாறும். உராய்வெண் 0.05, ஆரம் 2.24 மீட்டர் என்றால், ஆட்டம் நின்ற பிறகு கட்டை நடுவிலிருந்து 11 செ.மீ. வரை விலகியே நின்றுவிடக் கோட்பாட்டளவில் இடமுண்டு. உராய்வைக் கூட்டித் தணிப்பைப் பெருக்க நினைக்கும் வடிவமைப்பாளர், பாலம் தன் இடத்துக்குத் திரும்பும் திறனைக் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. மேலும் இந்தத் தாங்கி இழுவிசையைத் தாங்காது. செங்குத்து அதிர்வில் ஒரு தாங்கி மேலெழும்பக்கூடிய அமைப்பில் இதை வைக்குமுன் தனியே ஆராய வேண்டும்.

பாகுநிலைத் தணிப்பான் தனித்து நிற்பதைவிட மற்றவற்றோடு சேரும்போதே சிறக்கிறது. கிரேக்கத்தின் ரியோ-ஆண்டிரியோ பாலத்தில் 2,252 மீட்டர் நீளமுள்ள தொடர்ச்சியான தளம் கம்பிவடங்களில் தொங்குகிறது. குறுக்கு ஆட்டத்தைத் தணிப்பான்கள் அடக்குகின்றன. சாதாரணக் காற்றில் தளத்தை இறுகப் பிடித்திருக்கும் உறுப்புகள், பெரும் நிலநடுக்கத்தில் மட்டும் அறுந்து தணிப்பான்களுக்கு வழிவிடும்படி அமைக்கப்பட்டுள்ளன. அடித்தளங்கள்கூடக் கடலடியில் சரளைப் படுகையின்மேல் பிணைக்கப்படாமல் அமர்ந்திருப்பதால், தேவைப்பட்டால் வழுக்கிக் கொடுக்கும். தூணை ஆடவிடும் வழிக்கு நியூசிலாந்தின் தெற்கு ரங்கிடிகெய் ரயில் பாலம் சான்று: உயரமான இரட்டைக்கால் தூண்கள் நிலநடுக்கத்தில் ஒரு காலை மாற்றி ஒரு காலாகச் சற்றே தூக்கி அடியெடுத்துவைக்கும்படி 1981இல் கட்டப்பட்டது. உயரமான தூண்களில் தாங்கிகள் பயன்தராத இடத்தில் இது மதிப்புமிக்க யோசனை. ஆயினும் அனுபவம் குறைவு என்பதால் பொதுவான பரிந்துரையாக இதை முன்வைக்கத் தயங்குகிறேன்.

எந்தத் தாங்கியைத் தேர்ந்தாலும், அது கேட்கும் இடத்தைக் கொடுக்காவிட்டால் எல்லாம் வீண். தளத்தின் முனைக்கும் கரைச்சுவருக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி விட்டுவிட்டு, 19 செ.மீ. நகரும் தாங்கிகளை வைத்தால், தளம் சுவரில் மோதிய நொடியில் தனிமைப்படுத்தல் முடிந்துபோகிறது. முழு நகர்வையும் ஏற்கும் விரிவு இணைப்பு விலையுயர்ந்தது; அன்றாட வெப்ப விரிவுக்கு மட்டும் போதுமான இணைப்பை வைத்து, பெரும் நகர்வில் கரைச்சுவரின் மேல்விளிம்பு மட்டும் உடைந்து வழிவிடும்படி அமைப்பது பல இடங்களில் அறிவான சமரசம். அந்த விளிம்பைச் சில நாளில் கட்டிவிடலாம்; தூணைக் கட்ட மாதங்கள் ஆகும். பாலத்தில் ஒட்டிச் செல்லும் குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்வடம் ஆகியவற்றுக்கும் அதே நகர்வைத் தாங்கும் வளைவு வேண்டும். ரயில் பாலத்தில் தண்டவாளம் தொடர்ச்சியாக இருப்பதால் சிறு நகர்வும் அதில் அழுத்தத்தை ஏற்றும். அங்கே தாங்கி அன்றாடச் சுமையில் விறைப்பாக இருப்பது கட்டாயம்.

இவற்றையெல்லாம் வைத்து என் தீர்ப்பு இது. உறுதியான தரையில், குட்டையான தூண்களோடு, நடுத்தர நீள உத்தரங்களைக் கொண்ட சாலைப் பாலத்துக்கு ஈயக்கரு ரப்பர் தாங்கியே முதல் தேர்வு. கணக்கும் பராமரிப்பும் எளிது, அன்றாட விறைப்பும் கிடைக்கிறது. தளம் மிகக் கனமானதாகவோ நகர்வு அரை மீட்டரைத் தாண்டுவதாகவோ இருந்தால், அல்லது பாலம் வளைந்தும் எடை சமமின்றியும் இருந்தால், அல்லது கடுங்குளிர்ப் பகுதியில் இருந்தால், உராய்வு ஊசலே மேல். மென்மண்ணிலும் மிக உயரமான தூண்களிலும் தனிமைப்படுத்தலை விட்டுவிட்டு, வளையும் தூண்களையும் தணிப்பான்களையும் நாடுவதே சரி. பழைய பாலத்தை வலுவூட்டும் பணியில் தனிமைப்படுத்தலின் பக்கமே தராசு பெரும்பாலும் சாயும்: ஆற்றுக்குள் இறங்கி அடித்தளத்தைத் தோண்டிப் பலப்படுத்துவதைவிட, தளத்தை ஜாக்கிகளால் சில மில்லிமீட்டர் உயர்த்திப் பழைய தாங்கியை எடுத்துப் புதியதைச் செருகுவது குறைந்த இடையூறுள்ள வேலை. ஜாக்கி வைக்க இடமும் தாங்கியைப் பார்வையிட வழியும் புதுப்பாலத்தின் வரைபடத்திலேயே இருந்தாக வேண்டும்.

ஒப்பந்தம் கேட்கும்போது விலையோடு சேர்த்து இரண்டை விட்டுக்கொடுக்காமல் கேட்க வேண்டும். ஒன்று, பொருத்தப்போகும் அளவிலேயே செய்த மாதிரித் தாங்கிகளை முழுச் சுமையிலும் முழு நகர்விலும், கூடுமானவரை உண்மையான வேகத்திலும் சோதித்த பதிவு. மெதுவாகச் செய்த சோதனை, உராய்வும் ஈயமும் சூடேறும்போது நடந்துகொள்வதைக் காட்டாது. மற்றொன்று, தாங்கி முற்றிலும் செயலிழந்தாலும் தளம் விழாதபடி தூண்தலையில் போதிய இருக்கை அகலமும், தளத்தைப் பிடித்துநிறுத்தும் தடுப்புகளும். இருக்கையை அகலப்படுத்தத் தேவைப்படும் கூடுதல் கான்கிரீட், தாங்கிகளின் செலவோடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. செலவுக் குறைப்பில் முதலில் வெட்டப்படும் உருப்படியாக அது இருக்கக் கூடாது.